கந்தகத் திராவகம்

எண்ணெயைப்போல் கெட்டியாய், நிறமும் மணமுமின்றிக் கண்ணாடிக் குப்பிக்குள் சாதுவாய் அடங்கியிருக்கும் கந்தகத் திராவகத்தை ஒரு கிண்ணம் சர்க்கரையின்மீது சிறிது வார்த்தால், சர்க்கரை மஞ்சளாகி, பழுப்பாகி, சற்று நேரத்தில் ஆவி கக்கிக்கொண்டு கரிய தூணொன்றாய்க் கிண்ணத்தைவிட்டு மேலெழும். சர்க்கரையிலுள்ள ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் நீராகக் கவர்ந்துகொண்டு, கரியை மட்டும் அது மிச்சம் வைப்பதே இதற்குக் காரணம். பருத்தித் துணியையும் மரத்தையும் கருக்குவதும், மனிதனின் தோலைப் பொசுக்குவதும் நீரின்மேல் அதற்குள்ள இந்தத் தீராத வேட்கைதான்.

1746-இல் பர்மிங்ஹாமில் ஜான் ரோபக் என்பவர் உடையும் கண்ணாடிப் பாத்திரங்களை விடுத்து ஈயத் தகட்டாலான அறைகளில் இதைத் தயாரிக்கத் தொடங்கிய பின்னரே, இது மலிந்த சரக்காயிற்று. இன்றோ, கந்தகத்தை எரித்துப் பெற்ற வாயுவைக் காற்றுடன் சேர்த்து, உஷ்ணமூட்டிய வனேடியம் பென்டாக்ஸைடின்மீது செலுத்திக் கந்தக ட்ரை ஆக்ஸைடாக்குகிறார்கள். அதை நேரே நீரில் விட்டால் அடங்காத மூடுபனியாகிவிடுமாதலால், 98 சதவீதத் திராவகத்திலேயே உறிஞ்சவைத்துப் பின்னர் நீர் சேர்க்கிறார்கள்.

இதன் பெரும்பகுதி செலவாவது வயலுக்காகவே. நீரில் கரையாத பாஸ்பேட் பாறைப் பொடியை இத்திராவகத்துடன் கலந்தால், பயிரின் வேர் உறிஞ்சத்தக்க சூப்பர் பாஸ்பேட் உண்டாகிறது. இராணிப்பேட்டையில் 1906-இலேயே இவ்வுரத்தொழில் தொடங்கிவிட்டது. மோட்டார் வண்டியின் பாட்டரியிலும், சாயத் தொழிலிலும், எஃகின் துருவை நீக்குவதிலும் இதற்கு இடமுண்டு. வெடிமருந்து தயாரிப்பிலோ, வினையில் பிறக்கும் நீரை உடனுக்குடன் குடித்துவிடும் அதே வேட்கைதான் விசேஷமாய்ப் பயன்படுகிறது.

அபாயமும் அங்கேயே இருக்கிறது. நீரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனமான திராவகத்தின்மேல் நீரை விட்டால், அது அடியில் இறங்காமல் மேலே மிதந்து, கலக்கும் இடத்தில் பிறக்கும் உஷ்ணத்தால் கொதித்துத் திராவகத்தையும் வாரித் தெறிக்கும். செறிந்த திராவகத்தை எஃகுத் தொட்டியில் வைக்கலாம். ஈரம் புகுந்து நீர்த்துப்போனாலோ, அது இரும்பை அரித்து ஹைட்ரஜனை வெளியிடுமாதலால், தொட்டியருகே ஒரு தீப்பொறியும் விபரீதமாகும்.

ஆகையால், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, திராவகத்தையே நீரில் சிறுகச் சிறுக விட்டுக் கலக்குங்கள். உடலில் பட்டால், சோடாவைத் தேடி அலையாமல், நனைந்த ஆடையைக் களைந்து ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியரை அழையுங்கள். குடிநீர்ப் புட்டியில் மட்டும் இதை ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள்.