உயிர் காக்கும் உப்பும் சர்க்கரையும்

ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு மூடி வைத்தால், மறுநாள் ஜாடியில் தண்ணீர் ஊறி நிற்கிறது. யாரும் ஒரு சொட்டு நீர் ஊற்றவில்லை. துண்டுகளோ சுருங்கிக் கிடக்கின்றன. அந்தத் தண்ணீர் மாங்காயின் செல்களிலிருந்து வெளியேறியது. வாந்திபேதி கண்ட மனிதன் ஒரே நாளில் வாடிப் போவதன் ரகசியமும் செல்களில்தான் இருக்கிறது.

1665-ம் ஆண்டு இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக், தக்கைச் சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சிறு சிறு அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு அவர் இட்ட பெயரே செல். தாவரங்களும் பிராணிகளும் செல்களால் ஆனவையே என்பதை 1838, 1839-ம் ஆண்டுகளில் ஜெர்மானியர்களான ஷ்லைடனும் ஷ்வானும் எடுத்துக் கூறினர்.

சுவர் உண்டு, சுவர் இல்லை

இரு வகைச் செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. உள்ளே கூழ் போன்ற பொருளும், பரம்பரைக் குணங்களைத் தாங்கிய உட்கருவும், உணவிலிருந்து சக்தி எடுத்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் உள்ளன. தாவரச் செல்லுக்கு மட்டும் சவ்வுக்கு வெளியே செல்லுலோஸ் சுவர் உண்டு. பச்சையம் கொண்ட மணிகளும், நீர் தேங்கும் பெரிய பையும் அதில் காணப்படும். வாடிய கீரையில் தண்ணீர் தெளித்தால் அந்தப் பை நிரம்பிக் கீரை நிமிர்கிறது. சுவர் தாங்குவதால் செல் வெடிப்பதில்லை.

பிராணிச் செல்லுக்கு இந்தச் சுவர் கிடையாது. ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் ஊதி வெடித்துவிடும். அதிக உப்பு நீரில் போட்டால் சுருங்கிவிடும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு என்று அளவு வைத்திருப்பது இதனால்தான்.

குடலில் ஒரு வாசல்

காலரா விஷம் குடலின் செல்களைக் கெடுத்து, உடம்பின் உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. அந்த நிலையில் வெறும் தண்ணீர் குடித்துப் பயனில்லை. ஆனால் அச்செல்களில் ஒரு வாசல் மட்டும் அடைபடுவதில்லை. குளுக்கோசும் உப்பும் சேர்ந்து வந்தால் அது இரண்டையும் உள்ளே விடுகிறது. பின்னாலேயே நீரும் செல்கிறது. இந்த வாசலை 1960-ல் விளக்கியவர் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி.

1971-ல் வங்க தேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் தீர்ந்து போயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை ஊட்டினர். 100-க்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

வீட்டில் செய்யும் முறை

காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர்; தலை தட்டிய சிறு கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. அளவு மீறக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். குழந்தைக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து மெதுவாகத் தொடரலாம். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மயக்கம் கண்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். வழியிலும் இந்த நீரைக் குடிக்க முடிந்தவரை கொடுத்து வரலாம்.