உங்களுக்குத் தெரியுமா? வெள்ளிமலை இறக்கமும் பிரேக் ஆயிலும்

● வாய்ப்பழக்கத்தில் ‘பிரேக் ஆயில்’ என்கிறோமே தவிர, இன்று கார்களில் ஊற்றுவது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகைத் திரவம், தண்ணீரோடு கலந்துவிடும். ஹைட்ராலிக் பிரேக் வந்த புதிதில் விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்துதான் ஊற்றினார்கள். நம் வரப்போரம் நிற்கும் ஆமணக்குக்கு அப்படியொரு பெருமை உண்டு.

● எந்த பிரேக் ஆயில் வாங்குவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்தால், டிரைவர் பக்கம் பின்சுவரை ஒட்டி வெளிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். அதன் மூடியிலேயே ‘டாட் 3’ அல்லது ‘டாட் 4’ என்று அச்சடித்திருப்பார்கள். தூசியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

● அந்த எண் கொதிநிலையைச் சொல்கிறது. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஆனால் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 டிகிரிதான் தர அளவு. வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ஈரம் ஏறும். அதனால்தான் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

● சங்கராபுரத்துக் கடைவீதியில் மட்டும் ஓடும் காருக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தெரியாது. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலை பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் தெரியும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் டிஸ்க் கொதிக்கும்; அந்தச் சூடு காலிபர் வழியே திரவத்துக்குப் போகும். அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது.

இதில் ஒரு கொடுமை: ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். ‘சரியாயிடுச்சு’ என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். எதுவும் சரியாகவில்லை. தண்ணீர் உள்ளேயேதான் இருக்கிறது, அடுத்த இறக்கம் வரை.

● டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம், பெரும்பாலும் தடையில்லை. டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 கூடாது. டாட் 5 என்பது வேறு சாதி: சிலிகான் திரவம், ஊதா நிறம், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 அதன் தம்பி அல்ல. அது டாட் 3, 4-இன் கிளைக்கால் குடும்பம். பெயர் ஒற்றுமையை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

● அவசரத்துக்கு என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டுகூட விடக் கூடாது. பிரேக்கில் இருக்கும் ரப்பர் வாஷர்கள் உப்பிப்போகும். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வீல் சிலிண்டர் வரை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும்.

● டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கினால், பிரேக் பேட் தேய்ந்திருக்கும் அல்லது எங்கோ கசியும். காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்புவது நோயை மூடிவைப்பது.

● பெயின்ட் மேல் சிந்தினால் பெயின்டையே உரித்துவிடும். துணியால் தேய்க்காமல், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

● பேருந்துக்கும் பெரிய லாரிக்கும் காற்று பிரேக். அங்கே இந்தத் திரவத்துக்கு வேலை இல்லை. கார், மினி டெம்போ, டிஸ்க் பிரேக் வைத்த பைக் மூன்றுக்கும் உண்டு.

● போன வருஷம் திறந்து, பாதி ஊற்றி, மூடி வைத்த பாட்டில் இந்நேரம் ஈரம் குடித்திருக்கும். மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள்: “அண்ணே, புது பாட்டில் வாங்கிட்டு வந்திருக்கேன், என் கண்ணு முன்னால சீல் உடைச்சு ஊத்துங்க. பழசை முழுசா எடுத்துட்டு, நாலு வீலுக்கும் ஏர் எடுத்துடுங்க.” குடும்பத்தோடு மலையேறுவதற்கு முந்தின நாளே இதை முடித்துவிடுங்கள். இறங்கும்போது நியூட்ரலில் விடாமல், ஏறின கியரிலேயே இறங்குங்கள்.