ஊரில் இருந்து உறவினர் வந்தால்... மும்பையை 3 நாளில் சுற்றிக் காட்டலாம்!

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் நெல்லை, நாகர்கோவில், மதுரை, சென்னைப் பக்கம் இருந்து வரும் ரெயில்களில் மூட்டை முடிச்சுகளுடன் வந்து இறங்குகிறவர்களில் பலர் நம் வீட்டு விருந்தாளிகள்தான். கருப்பட்டியும், முறுக்கும், அரிசிப் பையும் முதலில் இறங்கும். பிறகு பெரியம்மா இறங்குவார். அவர் பின்னாலேயே பிள்ளைகள்.

அவர்கள் மனதில் இருக்கும் மும்பை வேறு. நாம் தினமும் இடிபட்டுப் போய்வரும் மும்பை வேறு. அவர்கள் சினிமாவில் பார்த்த கடற்கரையையும் மாடிக் கட்டிடங்களையும் தேடுவார்கள். நம் கையில் இருப்பதோ மூன்று நாள் லீவும், மாதச் செலவு போக மிச்சம் பிடித்த கொஞ்சம் பணமும்தான்.

"மும்பையில் இருக்கிறான் என்றுதான் பேர், ஒன்றையும் காட்டவில்லை" என்று ஊரில் பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. அதற்காக சீட்டுப் பணத்தை எடுத்து, வாடகைக் கார் பிடித்து, ஒரே நாளில் ஊரையே காட்டிவிடப் பார்க்கிறவர்கள் பலர். சாயங்காலம் பெரியவர்களுக்குக் கால் வீங்கிவிடும். பிள்ளைகள் மடியிலேயே தூங்கிவிடுவார்கள். வாகன நெரிசலைத் தவிர வேறு எதைப் பார்த்தோம் என்பது யாருக்கும் நினைவு இருக்காது.

அவ்வளவு பாடு தேவை இல்லை. மும்பையில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் காசு இல்லாமல் பார்க்கக் கூடியவை. கொஞ்சம் திட்டம் போட்டால் போதும்.

கிழமை பார்க்கவும்

நல்ல காரியத்துக்கு நாள் பார்ப்பதுபோல, இதற்கும் கிழமை பார்க்க வேண்டும். எலிபெண்டா குகைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பைகுல்லா ராணி பாக் மிருகக்காட்சி சாலைக்குப் புதன்கிழமை விடுமுறை. மங்கள்தாஸ் மார்க்கெட் துணிக்கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. பிரபாதேவி சித்தி விநாயகர் கோவிலில் செவ்வாய்க்கிழமை கூட்டம் அலைமோதும். வயதானவர்களை அழைத்துப்போவதானால் வேறு கிழமையில் போவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை ரெயிலில் கூட்டம் குறைவு. ஆனால் தண்டவாளப் பராமரிப்புக்காக 'மெகா பிளாக்' இருக்கும். எந்த மார்க்கத்தில், எத்தனை மணி வரை என்பதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெயிலில் போகும்போது

மும்பை நீளவாட்டில் கிடக்கும் ஊர். மேற்கு ரெயில்வே சர்ச்கேட்டில் முடிகிறது. மத்திய ரெயிலும் துறைமுக ரெயிலும் சி.எஸ்.எம்.டி.யில் முடிகின்றன. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

காலை 11 மணிக்கு முன்பு தெற்கு நோக்கியும், மாலை 5 மணி முதல் 8 மணி வரை வடக்கு நோக்கியும் விருந்தாளிகளுடன் ரெயில் ஏற வேண்டாம். நமக்குப் பழகிப்போன நெரிசல் அவர்களுக்குப் பழக்கம் இல்லை.

புறப்படும் முன்பே ஒரு விதி சொல்லி வையுங்கள். "கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நில்லுங்கள். நாங்கள் வந்துவிடுவோம்." பிள்ளைகளின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். பெண்கள் தனிப் பெட்டியில் ஏறினால், வழி தெரிந்த ஒருவர் அவர்களுடன் ஏற வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு மின்சார ரெயிலில் ஒருநாள், மூன்று நாள், ஐந்து நாள் சுற்றுலா டிக்கெட் உண்டு. மூன்று மார்க்கத்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம்.

ஆட்டோ, பாந்த்ரா, சயானைத் தாண்டித் தெற்கே வராது. அதற்கு அப்பால் பஸ் அல்லது டாக்சிதான். டாக்சியில் மீட்டர் போட்ட பிறகு உட்காருங்கள்.

முதல் நாள்: கோட்டைப் பகுதி

முதல் நாளை சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனிலேயே தொடங்கலாம். தினமும் மஸ்டரில் கையெழுத்துப் போட ஓடும் நாம் ஒருநாளாவது அந்தக் கட்டிடத்தை நிமிர்ந்து பார்த்திருப்போமா? ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டிடக்கலைஞர் வரைந்தது. 1878-ம் ஆண்டு தொடங்கிய வேலை முடியப் பத்து ஆண்டு ஆயிற்று. மயில், குரங்கு, இலை, கொடி என்று கல்லிலேயே காடு செதுக்கி இருக்கிறார்கள். 2004-ம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எதிரே நிற்கும் மாநகராட்சிக் கட்டிடமும் அதே ஸ்டீவன்ஸ் வரைந்ததுதான்.

இந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் இதே இடத்துக்குப் பக்கத்தில், போரிபந்தரில் இருந்துதான் 1853-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி தானேவுக்குப் புறப்பட்டது. தூரம் 34 கிலோ மீட்டர். தானே, முல்லுண்டு, பாண்டுப் பக்கம் இருந்து வரும் நம்மவர்கள் அந்தத் தடத்தில்தான் தினமும் வேலைக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

அங்கிருந்து பஸ்சில் கேட்வே ஆப் இந்தியா. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-ல் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்டு, 1924-ல் திறக்கப்பட்டது. மன்னருக்காகக் கட்டிய அதே வாசல் வழியாகத்தான் 1948-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி கடைசி ஆங்கிலேயப் படைப்பிரிவு கப்பல் ஏறியது. எதிரே 1903-ல் திறந்த தாஜ் ஓட்டல். வெளியே நின்று பார்க்கக் காசு இல்லை. போட்டோ எடுப்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு படம் எவ்வளவு, எத்தனை படம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இங்கிருந்து எலிபெண்டா தீவுக்குப் படகில் சுமார் ஒரு மணி நேரம். பாறையைக் குடைந்து செதுக்கிய மூன்று முகச் சிவன் 20 அடி உயரம். இதைப் பார்க்காமல் ஊர் திரும்புவது பெரிய குறை. ஆனால் மேலே போக சுமார் 120 படி ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர்களைக் கேட்வேயில் இருந்து கடலில் சிறிது தூரம் சுற்றி வரும் படகில் ஏற்றினால் போதும், மகிழ்ந்துவிடுவார்கள். 2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி எலிபெண்டா சென்ற படகு மீது கடற்படைப் படகு மோதிப் பலர் உயிர் இழந்ததை மறக்கக் கூடாது. உயிர்காப்பு உடை மாட்டிய பிறகே படகு நகர வேண்டும். தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.

சாயங்காலம் மெரின் டிரைவ். மூன்றரைக் கிலோ மீட்டருக்கு மேல் நீளும் சுவரில் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இருட்டியதும் வளைவாக எரியும் விளக்குகளுக்கு 'ராணியின் நெக்லஸ்' என்று பெயர். கோடீஸ்வரனுக்கும் கூலிக்காரனுக்கும் இங்கே ஒரே சுவர்தான்.

இரண்டாம் நாள்: கோவிலும் பூங்காவும்

அதிகாலையில் சித்தி விநாயகர், அடுத்து மகாலட்சுமி கோவில். பக்கத்திலேயே கடலுக்குள் ஹாஜி அலி தர்கா. கடல் ஏறும்போது அங்கே போகும் பாதை தண்ணீரில் மூழ்கிவிடும். நேரம் விசாரித்துப் போங்கள்.

வெயில் ஏறும் முன்பே மலபார் ஹில் தொங்கு தோட்டம். 1881-ல் குடிநீர்த் தேக்கத்தின் மேலேயே அமைத்த பூங்கா இது. எதிரே கமலா நேரு பூங்காவில் பூட்ஸ் வடிவ வீட்டைப் பார்த்தால் சிறு பிள்ளைகள் திரும்பி வர மறுப்பார்கள்.

பிற்பகலில் ராணி பாக். 2017 முதல் இங்கே பொதுமக்கள் பென்குயினைப் பார்க்கலாம். குளிர்க் கண்ணாடி அறைக்குள் அது தத்தித் தத்தி நடப்பதைப் பார்க்கப் பெரியவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

பழைய சிவப்பு மாடி பஸ் 2023-ம் ஆண்டு செப்டம்பரில் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது ஓடுவது ஏ.சி. வசதி உள்ள மின்சார மாடி பஸ். முன் சீட் கிடைத்தால் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு சுற்றுலா.

எங்கே சாப்பிடுவது?

"இட்லி சாப்பிடவா மும்பைக்கு வந்தோம்?" என்று இளவட்டங்கள் கேட்பார்கள். நியாயம்தான். தாதர் ஸ்டேஷன் வாசலில் 1966-ல் பிறந்தது என்று சொல்லப்படும் வடா பாவ், மில் தொழிலாளர்களின் அவசரச் சாப்பாடாக இருந்த பாவ் பாஜி, சவுபாத்தி பேல் பூரி, இரானி ஓட்டலில் பன் மஸ்காவும் டீயும் எல்லாம் அவர்கள் ருசி பார்க்க வேண்டியவை. கூட்டம் உள்ள, சுடச்சுடப் போடுகிற கடையாகப் பாருங்கள். தண்ணீர் மட்டும் வீட்டில் இருந்து போகட்டும்.

இரண்டு நாள் பாவ் தின்ற பிறகு பெரியவர்களுக்குச் சோறு வேண்டும். அதற்கு இருக்கிறது மாட்டுங்கா. ஸ்டேஷனை ஒட்டி 1942 முதல் வாழை இலை போட்டுவரும் ராமா நாயக் உடுப்பி, கிங்ஸ் சர்க்கிளில் 1940 முதல் இருக்கும் கபே மெட்ராஸ் ஆகியவை பல தலைமுறைக்குப் பசியாற்றியவை. சாப்பிட்டுவிட்டு அந்தத் தெருவில் நடந்தால் மல்லிகைச் சரமும், வெற்றிலையும், பில்டர் காபித் தூள் வாசனையும் வரும். பெரியம்மாவுக்கு ஊருக்கு வந்துவிட்டது போல் இருக்கும்.

இன்னொன்று. விருந்தாளி வந்தால் வீட்டு அம்மாவுக்கு வேலை இரட்டிப்பு. விடியும் முன்பே எழுந்து தண்ணீர் பிடித்து, புளியோதரை கிண்டி, எல்லோரையும் அனுப்பிவிட்டு அவர் மட்டும் வீட்டில் இருந்துவிடுகிறார். பத்து ஆண்டு இங்கே வாழ்ந்தும் எலிபெண்டாவைப் பார்க்காத இல்லத்தரசிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சமையலுக்கு ஒருநாள் லீவு விட்டு அவரையும் அழைத்துப் போங்கள். ஒரு வேளை ஓட்டல் செலவு அதற்குத்தான்.

மூன்றாம் நாள்: கடை வீதி

யாருக்கு என்ன என்று வீட்டிலேயே பட்டியல் எழுதிவிடுங்கள். பட்டியல் இல்லாமல் கடைத் தெருவில் இறங்கினால் பணம் தண்ணீராகப் போகும்.

துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட். பக்கத்தில் 1869-ல் கட்டிய கிராபோர்டு மார்க்கெட்டில் பழம், பேரீச்சை, முந்திரி. சேலைக்குத் தாதர் இந்துமாதா. கேட்ட விலையை உடனே கொடுக்காதீர்கள். நாலு கடை ஏறி இறங்கினால் விலை தானாக இறங்கும்.

பிளாட்பாரத்தில் காதோடு காதாக "வெளிநாட்டு போன், பாதி விலை" என்று வருகிறவர்களிடம் நிற்கவே வேண்டாம். காட்டும் பெட்டி ஒன்று, கட்டிக் கொடுக்கும் பெட்டி வேறு. வீட்டில் பிரித்தால் உள்ளே சோப்புக் கட்டிதான் இருக்கும். நகை வாங்கினால் பில்லோடு வாங்குங்கள். ஹால்மார்க்குடன் ஆறு இலக்க அடையாளக் குறியீடும் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் கட்டாயம்.

பெல்ட், பர்ஸ், கைப்பைக்குத் தாராவிக்கு வாருங்கள். தோல் பதனிடும் தொழிலில் நெல்லைச் சீமையில் இருந்து வந்த நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம் அது. பெரிய கடைகளில் கண்ணாடிக்குள் வைத்து விற்கும் பையை விடக் குறைந்த விலையில், தைத்தவர் பக்கத்திலேயே கிடைக்கும்.

வீட்டையும் காட்டுங்கள்

ஒற்றை அறைக் குடித்தனத்தைக் காட்ட வெட்கப்பட்டு, உறவினரைக் கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றவைத்தே அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. கேட்வே இருக்கும் இடத்தில்தான் இருக்கும். பெரியம்மா இரண்டு இரவு ரெயிலில் உட்கார்ந்து வந்தது, பிள்ளை எங்கே தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான், எந்த வாசலில் வேலைக்கு நுழைகிறான் என்று பார்க்கத்தான். உங்கள் ஆபீஸ் கட்டிடத்தை வெளியில் இருந்தாவது காட்டுங்கள். பட்டறையில் வேலை என்றால் மெஷினைக் காட்டுங்கள். ஊருக்குப் போய் அவர் சொல்லப்போகும் முதல் சேதி அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஊர் திரும்பும் டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. கோடையில் தெற்கே போகும் ரெயில்களில் இடம் கிடைப்பது அரிது. திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் வந்தவர்கள் முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே போக வேண்டியதுதான்.