ஊதிய வரம்பும் விளையாட்டுக் கழகங்களும்

பொருள் பெற்று ஆடும் வீரரின் ஊதியத்துக்கு எல்லை வகுத்தல் தகுமோ என்னும் வினா புதியதன்று. கல்லூரி மைதானத்திலே புகழொன்றையே பரிசாகக் கொண்டு ஆடிய நமக்கு அவ்வினா அயலானதாகத் தோன்றலாம். ஆயினும், பணத்துக்கு அணையிட்டால் அது எவ்வழியாற் பாயும் என்பதை அறிய விரும்புவோர்க்கு இதனினும் தெளிவான பாடம் கிடைத்தல் அரிது.

இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்தில் 1901ஆம் ஆண்டு முதல் எந்த வீரருக்கும் வாரத்துக்கு 4 பவுணுக்கு மேல் ஊதியம் கொடுத்தலாகாது என்று விதிக்கப்பட்டது. செல்வம் மிக்க கழகங்கள் சிறந்த வீரர் யாவரையும் தம்பால் ஈர்த்துக்கொண்டால் ஏனைய கழகங்கள் நலிவுறும், போட்டி சுவையிழக்கும். இதுவே அவ்விதிக்குக் கூறப்பட்ட நியாயம்.

விளைந்தது யாது? விதி கட்டுப்படுத்தியது வீரர் பெறும் ஊதியத்தையே. ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்குச் செலுத்தும் மாற்றுத் தொகைக்கு அத்தகைய எல்லை இருக்கவில்லை. ஆகவே பணம் அவ்வழியே பெருகிற்று. 1905இல் அல்ப் கொமன் என்பவரைப் பெற மிடில்ஸ்பரோ கழகம் 1,000 பவுண் கொடுத்தது. 1947இல் ரொமி லோட்டனுக்காக நொட்ஸ் கவுண்டி கழகம் 20,000 பவுண் செலுத்தியது. எனினும் லோட்டனின் வார ஊதியம் விதித்த எல்லையைத் தாண்ட இடமிருக்கவில்லை. வீரரின் திறமைக்குரிய விலையின் பெரும்பகுதி வீரரையன்றிக் கழகத்தையே சென்றடைந்தது.

மறைவான கொடுப்பனவுகளும் தோன்றின. இக்குற்றத்துக்காக 1906இல் மன்செஸ்ரர் சிற்றிக் கழகத்தைச் சார்ந்த 17 வீரர் தண்டிக்கப்பட்டனர். 1957இல் சண்டர்லாந்துக் கழகத்துக்கு 25,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜோன் சாள்ஸ் இத்தாலியின் யுவெந்தஸ் கழகத்தைச் சேர்ந்தார். கடலுக்கப்பால் அவ்விதி செல்லாதன்றோ!

ஈற்றில், ஜிம்மி ஹில் தலைமையிலான வீரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்ய முனைந்தமையால், 1961ஆம் ஆண்டு சனவரியில் வரம்பு நீங்கிற்று. அப்போது எல்லை 20 பவுண். அதன்பின் புல்ஹாம் கழகத்தின் ஜொனி ஹேய்ன்சுக்கு வாரந்தோறும் 100 பவுண் கிடைத்தது. அடக்கி வைத்த விலை எத்துணையது என்பதை அந்த ஐந்து மடங்கே காட்டும்.

அமெரிக்கர் கைக்கொண்ட முறை வேறு. அவர்களது கூடைப்பந்தாட்டச் சங்கம் 1984–85 பருவத்தில் ஓர் அணிக்கு 36 இலட்சம் டொலர் என்றும், அவர்தம் நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் 1994இல் 3 கோடியே 46 இலட்சம் டொலர் என்றும் வரம்பிட்டன. இவ்வரம்பு தனி வீரருக்கன்று. அணியின் மொத்த ஊதியத்துக்கே உரியது. வீரர் சங்கத்தோடு பேசி உடன்பட்டதுமாகும். சங்கத்தின் வருவாய் உயருங்கால் வரம்பும் உயரும்.

இதனால் முகாமையாளர் கணக்கராகவும் மாறவேண்டியவரானார். ஒருவருக்கு மிகுதியாகக் கொடுத்தால் மற்றையோர்க்கு எஞ்சுவது குறையும். குறைந்த ஊதியத்துக்கு ஒப்பந்தமான இளைஞன் சிறப்பாக ஆடின் அவனே அணிக்குப் பெருஞ்செல்வம். நடுத்தரத் திறமையுள்ள மூத்த வீரனோ முதலில் இடமிழப்பான். ஒப்பந்தத் தொடக்கத்திற் கொடுக்கும் பெருந்தொகையைக் கணக்கில் மட்டும் பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்தெழுதும் உபாயமும் உண்டு. அதன் சுமை பிற்காலத்து அணியின் தலையில் விழும்.

வரம்பு பணத்தை அழிப்பதில்லை. அதன் போக்கையே மாற்றுகிறது. மேலெல்லையோடு, ஒவ்வோர் அணியும் செலவிட்டேயாகவேண்டிய கீழெல்லையும் இருப்பின் வீரர்க்குப் பங்கு கிடைக்கும். அஃதின்றேல் மிச்சம் உரிமையாளர் பையைச் சேரும். ஆகவே, மாணவ நண்பர்களே, எவ்விதியையேனும் ஆராயும்போது அதன் நோக்கத்தைக் கேட்டு அமைதியுறாதீர்கள். அவ்விதியாற் பணம் யாரிடமிருந்து யாரிடம் செல்கிறது என்றும், அதனை வகுத்தபோது உழைப்பவனின் குரல் கேட்கப்பட்டதா என்றும் வினவுங்கள்.