பேறுகால அச்சமும் வெற்றிலைத் தட்டமும்

தலைப்பிள்ளையைச் சுமக்கும் பெண்ணின் உள்ளத்தில் அச்சம் எழுதல் இயல்பே. "சுகமாகப் பெற்றெழுவேனா?" என்ற கேள்வி பகலில் வீட்டு வேலைகளுக்கிடையே மறைந்திருந்து, இரவில் வந்து வாட்டும். நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து, திருகோணமலை நகருக்கு வடக்கே 40 கிலோமீற்றருக்கும் அப்பால் அமைந்த திரியாய் போன்ற கிராமத்திலே, பெரியாஸ்பத்திரி தொலைவில் உள்ளதே என்ற கவலையும் அதனோடு சேர்ந்துகொள்ளும்.

இவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. எனினும், ஆறுதலுக்கு இடமுண்டு. 1926 ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பெற்றது. அதன் வழிவந்த ஏற்பாட்டினாலேயே இன்று மருத்துவிச்சி கர்ப்பிணியை வீடு தேடி வருகிறார். நம் நாட்டில் இப்போது 100 பிள்ளைகளில் 99க்கும் மேற்பட்டவை வைத்தியசாலைகளிலேயே பிறக்கின்றன.

ஆயின், நாம் அஞ்சவேண்டிய ஒன்றை அஞ்சாதிருக்கிறோம். அதுவே புகையிலை.

நம் பெண்கள் புகைப்பது மிக அரிது. ஆனால், வெற்றிலைத் தட்டத்தில் பாக்கு, சுண்ணாம்புடன் புகையிலைத் துண்டும் இருக்கிறது. மசக்கையின் குமட்டலுக்கு நல்லதென்று அதனை வாயில் அடக்குவோர் உளர். முற்றத்திலோ கணவரின் சுருட்டும் சிகரெட்டும் புகைகின்றன.

"பிள்ளை சிறிதாயிருந்தால் பேறு இலகுவாகும், ஆதலின் புகையிலையால் கேடில்லை" என்று சொல்வாரும் உண்டு. இது பெருந்தவறு. புகையிலையிலுள்ள நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு, குருதியில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவ்வாறு கருவிலுள்ள சிசுவுக்குச் சேரவேண்டிய ஊட்டமும் மூச்சும் குறைகின்றன. புகைக்கும் தாய்க்கு, நச்சுக்கொடி காலத்துக்கு முன்னரே பிரிந்து குருதி பெருகும் ஆபத்தும் மிகுதி. ஆகவே பேறு இலகுவாவதில்லை, இடர்தான் கூடுகிறது. 2,500 கிராமுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளை நோய்க்கு எளிதில் இரையாகிறது.

புகைக்கும் தாய்மாருக்குக் குறைமாதப் பிள்ளைகள் மிகுதியாகப் பிறப்பதை அமெரிக்க மருத்துவர் சிம்ஸன் 1957 இல் எடுத்துக்காட்டினார். மும்பாயில் 1,217 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004 இல் வெளியிடப்பெற்ற ஆய்வோ நமக்கு இன்னும் நெருக்கமானது. புகையாப் புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் பிள்ளைகள் சராசரி 105 கிராம் நிறை குறைந்து பிறந்தமையை அது கண்டது. மெல்லுவதும் தீங்கே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நற்செய்தியும் ஒன்றுண்டு. 15 வாரங்களுக்குள் புகைப்பதை நிறுத்திய தாய்மாருக்குக் குறைமாதப் பேறும் நிறைகுறைந்த பிள்ளையும் புகைக்காதோரிலும் மிகவில்லையென, நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்து 2009 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதற்குப் பின் நிறுத்தினாலும் நன்மையே.

ஆகையால், கர்ப்பிணிப் பெண்கள் புகையிலைப் பழக்கத்தை மருத்துவிச்சியிடம் நாணாது சொல்லுதல் வேண்டும். மாமியார் தட்டத்திலிருந்து புகையிலையை அகற்றட்டும். கணவர் புகைப்பதையே கைவிடட்டும். அதுவரை வீட்டுக்குள்ளும் மனைவியின் அருகிலும் புகையாதிருக்கட்டும்.

திரியாய் மக்கள் 1985 இல் ஊரை இழந்து, பல்லாண்டுகளின் பின் மீண்டு வந்தவர்கள். அங்கே தொட்டிலில் கிடக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அவ்வூரின் செல்வம். அச்செல்வம் நிறைவாய்ப் பிறக்க, குடும்பத்தார் ஒவ்வொருவரும் துணைநிற்போமாக!