பழைய ரேடியோவைப் பேணும் முறை

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில், தந்தையாரோ பாட்டனாரோ வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று இன்றும் இருக்கக் காணலாம். சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கப்பெற்றன. பிற மாநிலத்தில் குடியேறியவர்கள் இரவு நேரத்தில் முள்ளை மெல்ல நகர்த்தி, இரைச்சலுக்கிடையே தாய்மொழியைத் தேடிப் பிடித்தது இத்தகைய பெட்டிகளில்தான். இன்று அப்பெட்டியை விற்க மனம் வருவதில்லை. பேச வைக்கவோ வழி தெரிவதில்லை. அவ்வழியைச் சிறிது ஆராய்வோம்.

இதற்குத் திருவனந்தபுரம் தக்க சான்றாகும். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், 1943 மார்ச் 12 அன்று, திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கென ஒரு வானொலி நிலையத்தை அங்கே தொடங்கியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ்த் தாலுகாக்கள் அப்போது அச்சமஸ்தானத்தில் அடங்கியிருந்தன. 1950 ஏப்ரல் 1 முதல் அந்நிலையம் அகில இந்திய வானொலியின் பொறுப்பில் வந்தது. 1973-ல் கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. இவ்வாறு ஒலிக்கருவிகளோடு நெருங்கிய உறவுடைய அந்நகரில், அக்கருவிகளுக்குப் பெரும் பகை கடற்காற்றும் இரு பருவமழைகளின் ஈரமுமே. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்களுக்கும் இது பொருந்தும்.

ஈரம் செய்யும் தீங்கு யாது? பழைய ரேடியோவில் கண்டென்சர் எனப்படும் மின்தேக்கிகள் பல உள்ளன. அவற்றுட் பல, மெழுகூட்டிய காகிதத்தால் ஆனவை. காகிதம் ஈரத்தை உண்டால் மின்சாரம் கசியும். இறுதி வால்வுக்கு ஒலிக்குறியைச் செலுத்தும் மின்தேக்கி கசிந்தால், அவ்வால்வு அளவுமீறி மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். அதனோடு இணைந்த டிரான்ஸ்பார்மரும் கருகும். ஆதலின் பல ஆண்டுகள் உறங்கிய பெட்டியை, 'பாடுகிறதா பார்ப்போம்' என்று நேரே மின்சாரத்தில் இணைத்தல் ஆகாது. பழகிய மெக்கானிக்குகள் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்தே முதற் சோதனை செய்வர். உள்ளே பெருங்கோளாறு இருப்பின் விளக்கு முழு ஒளியுடன் எரிந்து காட்டிக்கொடுக்கும், பெட்டி பிழைக்கும்.

காகித மின்தேக்கிகளையும், உலர்ந்துபோய் 'ஊம்' என்ற ஓசையை எழுப்பும் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளையும் மாற்றுதலே முதற் பணி. புதியவை பழையவற்றிற்குக் குறையாத வோல்ட் அளவு உடையனவாக இருத்தல் வேண்டும். வால்வுகளை அவசரப்பட்டு மாற்ற வேண்டுவதில்லை; அவை பெரும்பாலும் நீண்ட ஆயுள் உடையவை. 1954-ல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. அவற்றைப் பழைய பொருட் கடைகளில் இன்றும் தேடிப் பெறுவோர் உளர்.

எச்சரிக்கை ஒன்று. டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. வகைப் பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகத் தட்டிலேயே மின்சாரம் பாயக்கூடும். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் அபாயகரமான அழுத்தம் தங்கியிருக்கும். ஆகவே இவ்வேலையைத் தொழில் அறிந்தவரிடம் விடுவதே நன்று.

இனி, கருவியை மேம்படுத்துதல். உள்ளுறுப்புகளைக் களைந்தெறிந்து, மரப்பெட்டிக்குள் புளூடூத் பலகையைப் பொருத்துவோர் உண்டு. அது மேம்பாடன்று, பெட்டியை வெறுங்கூடாக்குதலே. பல பெட்டிகளின் பின்புறத்தில் கிராமபோன் இணைப்பதற்கென இரு துளைகள் உள்ளன. டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டியாயின், தக்க கம்பியால் இன்றைய கைப்பேசியின் இசையை அவ்வழியே செலுத்தலாம். ஒரு திருகாணியும் கழற்ற வேண்டுவதில்லை; விரும்பாதபோது கம்பியை எடுத்துவிடலாம். ஏ.சி./டி.சி. பெட்டியில் மட்டும் இம்முயற்சி கூடாது.

இசைத்தட்டுக் கருவிக்கும் இதே கவனம் தேவை. பழைய கிரிஸ்டல் பிக்கப்புகள் பலவற்றில் ரோச்செல் உப்பின் படிகம் உள்ளது. கடலோர ஈரத்தில் அது கெட்டு ஒலி மங்கும். அத்தகையதற்குப் பீங்கான் வகையைப் பொருத்தலாம். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகன்றது. 33⅓ சுற்று நெடுந்தட்டின் பள்ளம் நுண்ணியது. ஒன்றின் ஊசியை மற்றதற்குப் பயன்படுத்தலாகாது. பூஞ்சணம் பூத்த 78 தட்டை ஸ்பிரிட்டால் துடைப்பதும் தவறு. அத்தட்டு அரக்கு கலந்தது. மெருகிடும் தச்சர் அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில் அன்றோ!

நாமும் ஒருமுறை பிழை செய்தோம். ரேடியோவின் முகப்புக் கண்ணாடியை உட்புறத்தில் ஈரத்துணியால் துடைத்தோம். எழுத்துகள் அப்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தன. அழுக்கோடு திருச்சியும் கொழும்பும் அழிந்தன. மின்தேக்கியை மாற்றிக்கொள்ளலாம், அவ்வெழுத்துகளை மீட்க நம்மால் இயலவில்லை. அன்றுமுதல் ஒரு விதியைக் கைக்கொண்டுள்ளோம்: திரும்பப் பெற முடியாத எதையும் அகற்றுவதில்லை, கழற்றிய உறுப்பை ஓர் உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைப்பது.

அவ்வுறையோடு ஒரு தாளையும் வைத்தல் நலம். இப்பெட்டியை வாங்கியவர் யார், எவ்வூரில் வாங்கினார், எந்நிலையத்தைக் கேட்டார், எவ்வுறுப்பு எந்நாளில் மாற்றப்பட்டது என்பனவற்றை இல்லத்துப் பெரியவர்களைக் கேட்டு அதில் எழுதி வைப்போமாக. சொல்ல வல்லவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும்.