வெயிலும் வணிகர் கடமையும்

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குக் கூட்டம் திரளும் காலமே, நம் காஞ்சிபுரத்தில் வெயில் கொளுத்தும் காலமும் ஆகும். அந்நாட்களில் நமது கிடங்குகளில் மூட்டை இறக்கும் தொழிலாளர் படும் பாட்டை வணிகப் பெருமக்கள் அனைவரும் அறிவோம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு ரூ. 4 லட்சம் நிவாரணம் உண்டு. ஆனால், அந்த நிலை வராமல் காப்பதே நம் கடமை.

நகரம் ஏன் இப்படிச் சூடாகிறது? தார்ச்சாலையும் கான்கிரீட் தளமும் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து, இரவில் வெளிவிடுகின்றன. மரம் குறைந்தால் நிழலும் குறைகிறது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பை 33 சதவீதமாக உயர்த்த முனைகிறது.

மரம் வளரப் பல ஆண்டுகள் ஆகும். கூரைக்கு வெள்ளை பூச ஓரிரு நாள் போதும். வெண்மை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். 2010 மே மாத வெயிலில் பலரைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்து, பின்னர் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசியது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கையே வெளியிட்டது.

நாமும் தகரக் கூரைக் கிடங்குகளுக்குக் கோடைக்கு முன்பே வெள்ளை பூசுவோம். லாரிச் சரக்கை முற்பகலுக்குள் இறக்குவோம். கடை வாசலில் பானைத் தண்ணீர் வைப்போம். மயங்கி விழுந்தவரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, உடனே 108-ஐ அழைப்போம். சரக்கு ஒரு நாள் தாமதமானால் ஈடுகட்டிவிடலாம். உயிருக்கு ஈடு ஏது?